வாளியில் காற்று பிடித்தவர்களின் ஊரில்

கடலூர், சிதம்பரம் நகரங்களின் குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கு,



போன மாதம் உங்கள் சங்கங்களில் ஒன்றின் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். டீயும் மிக்சரும் முடிந்து, லெட்டர்பேடில் ஏற்ற வேண்டிய கோரிக்கைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: “தஞ்சாவூர் ஸ்மார்ட் சிட்டி ஆயிடுச்சு, வேலூர் ஆயிடுச்சு. நம்ம ஊரு எப்ப சார் ஆகும்?” எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் படுத்த பிறகு அந்தக் கேள்வி உறுத்த ஆரம்பித்தது. அன்று விழுங்கிய பதிலை இப்போது எழுதுகிறேன். நடுநடுவே கோபம் எட்டிப் பார்க்கும். வயசான ஆள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேரான பதில்: ஆகாது. அந்தத் திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கி, தவணை மேல் தவணையாக நீண்டு, 2025 மார்ச் 31-ஓடு முடிந்துபோயிற்று. நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் 11. ஒரு நகரத்துக்கு மத்திய அரசின் பங்கு 500 கோடி ரூபாய், அதே அளவு இங்கிருந்தும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. 2021-இல்தான் மாநகராட்சி என்ற பெயரை வாங்கிய கடலூர் அந்தப் பந்தியில் உட்காரவில்லை. சிதம்பரத்துக்கு இலை போடுகிற பேச்சே எழவில்லை.

உட்கார்ந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று தெரிந்தால் நீங்கள் இவ்வளவு ஏங்க மாட்டீர்கள். நகரங்களைத் தேர்ந்தெடுத்த போட்டியில் மக்களிடம் கருத்துக் கேட்டதற்கும் மதிப்பெண் உண்டு. அதனால் கேட்டார்கள். தேர்வானதும் ஒவ்வொரு நகரத்திலும் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார்கள். பணமும் டெண்டரும் அதன் வழியே போயின. கம்பெனியை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய நகர்மன்றம் எங்கே இருந்தது? எங்கேயும் இல்லை. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகரங்களுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்தாண்டுக்கு மேல் நம் நகரங்கள் எதிலும் ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. திட்டத்தின் பெரும்பகுதி ஓடியது அந்த ஆண்டுகளில்தான். சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அழகுதான், நானும் போய் நடந்து பார்த்தேன். 2021 நவம்பர் மழையில் அந்த பஜார் இருக்கும் தியாகராய நகர் தண்ணீரில் நின்றது. ஸ்மார்ட் சிட்டி வேலைகளை விசாரிக்க, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரிடம் பொறுப்பு கொடுக்க வேண்டி வந்தது. மழைத் தண்ணீர் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் ஓடும் என்று அந்தத் தெருக்காரனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

நான் இந்த மடலில் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தன் ஊரைத் தானே அளந்து, எழுதி, அதை முடிவெடுக்கிறவர்கள் முன் வைக்கிற வேலையை நம் மக்கள் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். எந்தத் திட்டமும் எந்தக் கோடியும் வருவதற்கு முன்பே செய்தார்கள். நீங்கள் அதை மறந்துவிட்டீர்கள். மறந்தீர்களா, அது உங்கள் தெருவில் நடக்கவில்லை என்பதால் கண்டுகொள்ளவில்லையா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை. காரைக்காடு, ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் என்று அதை ஒட்டிய ஊர்கள். ரசாயன ஆலைகளின் நாற்றம் பற்றி அந்த ஊர்க்காரர்கள் கொடுக்காத மனு இல்லை. ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறியிருக்கும். “நாற்றம் எதுவும் இல்லையே” என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். நாற்றத்தைப் பிடித்து வைத்துக் காட்ட முடியுமா?

முடியும் என்று 2004-இல் காட்டினார்கள். மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே ஒரு பிரத்யேகப் பை. பையின் வாய் ஒரு வால்வு வழியாக வெளியே திறக்கும். வாளிக்குள் இருக்கும் காற்றைச் சின்ன பம்பினால் உறிஞ்சி எடுத்தால், பை தானே உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். அதை உடனே மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக 1995 வாக்கில் உருவான உபாயம் இது. விவசாயமும் மீன்பிடியும் பார்த்துக்கொண்டிருந்த சிப்காட் ஊர்க்காரர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். ‘சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். இந்தியாவில் ஊர் மக்கள் இப்படிக் காற்று பிடித்தது அதுதான் முதல் தடவை.

வாளியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்கள் வைத்திருந்த நோட்டு. எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கமிருந்து, எந்த இடத்தில் நின்றபோது, நாற்றம் எதைப் போல: அழுகிய முட்டையா, பிணவாடையா, அழுகிப்போன பழமா? தினம் எழுதினார்கள். மூக்கு ஒரு கருவி ஆயிற்று, நோட்டு அதன் பதிவேடு ஆயிற்று. உச்ச நீதிமன்றம் அமைத்த அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு அதே ஆண்டு கடலூருக்கு வந்தபோது, “நாறுகிறது ஐயா” என்று மட்டும் சொல்ல வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். பென்சீன் என்ற ரசாயனத்துக்குத் தேசியக் காற்றுத்தர அளவுகளில் வரம்பு வந்ததே 2009 நவம்பரில். அரசாங்கம் அளவுகோலை எடுப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே ஈச்சங்காட்டுக்காரர்கள் அளந்துகொண்டிருந்தார்கள்.

அதோடு சிப்காட் மணக்க ஆரம்பித்தது என்று கதை விடமாட்டேன். 2021 மே மாதம் அங்கே ஓர் ஆலையில் நடந்த விபத்தில் நாலு பேர் செத்தார்கள். ஆனாலும் வாளிக்கு முன், வாளிக்குப் பின் என்று ஒரு வித்தியாசம் உண்டு. முன்பு அவர்கள் மனுதாரர்கள். பிறகு அவர்களிடம் கணக்கு இருந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

உங்கள் சங்கங்களின் பீரோவில் மனு நகல்கள் எத்தனை இருக்கும்? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர்வுக் கூட்டத்தில் வாங்கிய ரசீதுகள் எத்தனை? ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களை முதலமைச்சர் 2025 ஜூலை 15 அன்று தொடங்கி வைத்ததே சிதம்பரத்தில்தான். மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் முகாம் என்றார்கள். பட்டா, ரேஷன் அட்டை, மகளிர் உரிமைத் தொகை என்று ஆளுக்கு ஒரு மனு. அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் மனு கொடுப்பது பங்கேற்பு ஆகுமா? மனுவில் நீங்கள் கேட்கிறீர்கள், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கொடுக்கிறார் அல்லது கொடுக்காமல் விடுகிறார். எந்தத் தெருவுக்கு முதலில் வடிகால், அது எந்த மட்டத்தில் ஓட வேண்டும், எந்த வாய்க்காலில் போய் விழ வேண்டும் என்று பேசுகிற இடம் வேறு.

அந்த இடம் சட்டத்தில் இருக்கிறது. ஏரியா சபையும் வார்டு குழுவும் 2010-லேயே சட்டத்தில் ஏறிவிட்டன. விதிகள் வரப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் ஏரியா சபைகள் கூடின. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த சபையில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்டையும் சில ஏரியாக்களாகப் பிரித்து, அந்த ஏரியாவின் வாக்காளர்கள் எல்லோரும் சபையில் உறுப்பினர்கள் என்று வைத்திருக்கிறார்கள். வாக்காளர் எல்லோரும் என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்காரர் மட்டும் என்று இல்லை. எந்த வேலைக்கு முன்னுரிமை என்று சபை சொல்ல வேண்டும், வார்டு குழு அதை மன்றத்துக்கு எடுத்துப் போக வேண்டும். கடலூரில் 45 வார்டு, சிதம்பரத்தில் 33. உங்கள் ஏரியா எதுவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் ஒரு சபைக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த வார்டு என்று சொல்லப்போவதில்லை. நாற்காலிகள் நிறைய, ஆட்கள் பதினாலு பேர். நான் உட்காரும் முன்பே கையெழுத்து நோட்டு வந்துவிட்டது. ஒருவர் தெருவிளக்கு என்றார், ஒருவர் நாய்த் தொல்லை என்றார், ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர் கழிவுநீரை ரோட்டில் விடுகிறார் என்று பெயரைச் சொல்லியே திட்டினார். இருபது நிமிஷத்தில் முடிந்தது. எனக்கு முதலில் கோபம் வந்தது அதிகாரிகள் மீது. யோசித்துப் பார்த்தால், நாங்கள் பதினாலு பேரும் வெறுங்கையோடு போயிருந்தோம். பதிவு செய்ய வேண்டியது என்று எங்களிடம் எதுவும் இல்லை.

கையில் என்ன கொண்டு போயிருக்கலாம்? தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன், நம் இரண்டு ஊருக்கும் அதுதான் தலையாய விஷயம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணை ஆற்றில் வந்தது. குண்டு உப்பலவாடி, நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு, தாழங்குடா மக்கள் பட்டது உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு கேள்வி. உங்கள் தெருவில் அன்று தண்ணீர் எந்த மட்டத்துக்கு ஏறியது? எத்தனை மணிக்கு ஏற ஆரம்பித்தது, எந்த முனையிலிருந்து வந்தது, வடிய எத்தனை நாள் ஆயிற்று? வாட்ஸ்அப்பில் ஆயிரம் வீடியோ போட்டீர்கள். அதில் ஒன்றையாவது இன்றைக்குத் தேடி எடுக்க முடியுமா? சுவரில் இருந்த சேற்றுக் கோட்டின் மேல் பொங்கலுக்கு வெள்ளை அடித்துவிட்டோம். இருந்த ஒரே ஆவணமும் போயிற்று.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைத் திறந்து வைத்து, எந்தச் சாலை மூழ்கியது என்று மக்களையே குறிக்கச் சொன்னார்கள். ஜகார்த்தாவில் அதற்கும் முன்பே, தெருவில் நிற்கும் தண்ணீரை ட்விட்டரில் சொன்னால் வரைபடத்தில் ஏறும்படி செய்தார்கள்; அந்த நகரத்தின் பேரிடர்த் துறையும் அதைப் பார்த்து வேலை செய்தது. நம்மிடமும் கைப்பேசி இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கல்லூரி ப்ராஜெக்டுக்கு எங்கோ இருக்கிற ஊரின் போக்குவரத்து நெரிசலைத் தீர்க்கிறவர்கள், சொந்தத் தெருவின் மேடு பள்ளத்தை அளந்து கொடுக்க மாட்டார்களா? நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு தனிச் சொல். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழை உங்கள் நடராசர் கோயிலுக்குள்ளேயே தேங்கி நின்றது. கோயிலின் மழைநீரை வடக்கே தில்லைக்காளி அம்மன் கோயில் பக்கம் கொண்டுபோக நிலத்துக்கு அடியில் ஒரு பழைய வாய்க்கால் உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைக் கட்டியவர்களுக்குச் சென்சார் தெரியாது, மட்டம் தெரிந்திருந்தது. ஓமக்குளம், நாகச்சேரி குளம், ஞானப்பிரகாசர் குளம் என்று நீங்கள் பெயர் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் வரும் வழி ஒன்று, போகும் வழி ஒன்று இருந்திருக்க வேண்டும். குளத்தைச் சுற்றி நடைபாதையும் விளக்கும் கேட்கிறீர்கள். வரத்து வாய்க்கால் எங்கே என்று கேட்பதில்லை. அது யார் வீட்டுக்கு அடியில் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் கேட்பதில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. (வீராணம் ஏரித் தண்ணீர் 2004-லிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. நம் பக்கத்து ஏரியின் நீர்மட்டம் சென்னைக்காரர்களுக்குத் தினமும் பேப்பரில் வருகிறது. நம் குளத்தின் மட்டம் நமக்குத் தெரியாது.)

இனி, கொஞ்சம் கசப்பானது. உங்கள் சங்கங்களில் யார் இருக்கிறார்கள்? சொந்த வீடு உள்ளவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பெரும்பாலும் ஆண்கள். நானும் அதே ஜாதிதான், ஆகவே சொல்லலாம். வாடகைக்கு இருப்பவருக்கு உங்கள் சந்தா ரசீது கிடையாது. மாடியில் இருப்பவரைவிடத் தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிற குடும்பத்தின் வீட்டுக்குள்தான் வெள்ளம் முதலில் புகுகிறது. விடியற்காலையில் குழாயடியில் நிற்கும் பெண்களுக்கு எந்த நாள் தண்ணீர் கலங்கி வந்தது என்று மனப்பாடமாகத் தெரியும். கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிட்டதில்லை. எந்த இடத்தில் பாதாளச் சாக்கடை எதிர்த்து வருகிறது என்று தூய்மைப் பணியாளருக்குத் தெரிந்த அளவு எந்த இன்ஜினியருக்கும் தெரியாது. அவரை நீங்கள் நிறுத்திப் பேசுவது தீபாவளி இனாமின்போது. தேவனாம்பட்டினத்து மீனவருக்குக் கடல் ஏறி நிற்கும்போது கெடிலம் ஆற்றுத் தண்ணீர் வடியாமல் எதிர்த்து வரும் என்று அவர் தாத்தா காலத்திலிருந்து தெரியும். இவர்களை எல்லாம் வெளியே வைத்துவிட்டு ‘பொதுமக்கள் சார்பாக’ என்று லெட்டர்பேடில் எழுதுகிறோம்.

என் வேண்டுகோள் இதுதான். பெரிய பணம் எதுவும் வேண்டாம். இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் சங்கத்தின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நோட்டு போடுங்கள், கோடு போட்ட 200 பக்க நோட்டு போதும். தெருவில் ஒரு மின்கம்பத்திலோ பொதுச்சுவரிலோ, உரியவரிடம் கேட்டுக்கொண்டு, அடிக்கணக்கில் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். மழை பெய்கிற நாளில் யாராவது இருவர் காலை, மாலை பார்த்து எழுதட்டும்: தேதி, மணி, எத்தனை அங்குலம், எந்தப் பக்கமிருந்து, எப்போது வடிந்தது. அந்த இருவரில் ஒருவர் வாடகைக்கு இருப்பவராகவோ பெண்ணாகவோ இருக்கட்டும். வடிகாலின் வாய் எங்கே அடைத்திருக்கிறது, மதகின் பலகை இருக்கிறதா, புதுச் சாலை பழைய வாசற்படியைவிட எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதையும் எழுதுங்கள். மழை முடிந்ததும் பொறியியல் மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து எல்லாத் தெரு நோட்டையும் ஒரே வரைபடத்தில் ஏற்றச் சொல்லுங்கள். காகிதத்தில் இருந்தாலும் சரி, கைப்பேசியில் இருந்தாலும் சரி.

பிறகு அடுத்த ஏரியா சபைக்கு அந்த வரைபடத்தோடு போங்கள். பதினாலு பேராகப் போகாமல் தெருவே போங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். சபைக் குறிப்பில் இணைப்பாக ஏற்றச் சொல்லி, நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு குழுவுக்குப் போயிற்றா, மன்றத்தில் வந்ததா என்று அடுத்த சபையில் கேளுங்கள். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் முடியும் நேரத்தில் வேட்பாளர்கள் கும்பிட்டபடி வாசலுக்கு வருவார்கள். அவர்களிடம் கோரிக்கைப் பட்டியல் நீட்டாதீர்கள். நோட்டைக் கொடுத்து, வாசலிலேயே நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

அப்படி ஒரு நோட்டு நடைமுறைக்கு ஆகுமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். சென்ற வாரம் என் தெருவுக்கு ஒன்று வாங்கிவிட்டேன். எதிர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் அம்மாதான் முதல் பக்கத்தை நிரப்பினார். தன் பையனின் பழைய கைப்பேசியில் இருந்த படங்களின் நேரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்: ‘2.12.2024. காலை 7.10, இரண்டாவது படி. 9.40, நாலாவது படி. கிழக்கு முனையில் இருந்து வந்தது. சாக்கடைத் தண்ணீரும் கலந்திருந்தது. அஞ்சு நாள் நின்றது.’

அன்புடன்,
உங்கள் தெருக்காரர்களில் ஒருவன்,
கடலூர்.